மதிலுக்குப் பின்னால் மருந்து எட்டாது

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்குத் திடீரென்று ஒற்றுமை நினைவுக்கு வந்தது. ஒற்றுமையை வளர்க்க, ஆளை ஆள் சுடுகிற கணினி விளையாட்டுப் போட்டி ஒன்றைத் தீவுகளுக்கிடையில் வைப்பதென்று முடிவெடுத்தார்கள். அணிக்கு ஆறு பேர். அதில் இரண்டு பேர் அறுபது தாண்டிய, முன்பின் விளையாடாத ஆட்களாக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் தலைமுறைகள் சேருமாம். துவக்குச் சத்தம் கேட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய தலைமுறை நாங்கள். இப்போது அதே சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று காதில் இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து விடுகிறார்கள். முன்னேற்றம்தான்.

எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில் நான் இருப்பது என் தங்கையின் மகளோடு. என் பெறாமகள்தான் எங்கள் அணியின் தலைவி. அறுபது தாண்டிய ஆட்களுக்கு அவள் தூரப் போகவில்லை. ஒன்று நான். மற்றது கனடாவில் இருக்கிற என் அண்ணை.

அண்ணைக்கும் எனக்கும் பேச்சில்லை. ஒருமுறை விடுமுறைக்கு வந்தவர், எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். கட்டி முடிந்த பிறகு பார்த்தால், நான் நட்ட முருங்கை அவருடைய பக்கத்தில் நிற்கிறது. அவர் படலையைப் பூட்டி, திறப்பை யாரிடமோ கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். காய்கள் முற்றி வெடித்து, மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்தபடி தொங்கின. முதலில் வாய் திறக்கிறவர் தோற்றவர். இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். கலியாண வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும், "அவவுக்குச் சொல்லு", "அவருக்குச் சொல்லு" என்று நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் எங்கள் உறவு நடந்தது.

பெறாமகள் எனக்கு விளையாட்டைப் படிப்பித்தாள். ஒருவர் வேகமாக ஓடுவார். ஒருவர் நெருப்பு எறிவார். ஒருவர் தூர நின்று குறிபார்ப்பார். ஒருவர் எங்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்களுக்குள் வந்து நின்று முதுகில் குத்துவார். அந்தக் கடைசி ஆளைப் பற்றி எனக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"நீங்கள் வைத்தியர், பெரியம்மா. ஒரு குழாயாலை மருந்து பிடிக்கிறதுதான் வேலை. கதைக்கவே தேவையில்லை."

பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். கதைக்கத் தேவையில்லை என்றதும் சம்மதித்துவிட்டேன். மிச்சத்தை அவள் பிறகுதான் சொன்னாள். வைத்தியர் எப்போதும் பெரிய துவக்குக்காரருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்தப் பெரிய துவக்குக்காரர் என் அண்ணை.

பயிற்சியின்போது வந்த உளவாளிக்கும் நான் மருந்து பிடித்தேன். எங்கள் உடுப்போடு அடக்கமாக வந்து முன்னால் நிற்கிறவரை எப்படி விடுவது? அவர் என்னைக் குத்திவிட்டுப் போனார். அண்ணை கனடாவில் இருந்து சிரித்தது இங்கே நன்றாகக் கேட்டது.

போட்டி அடுத்த தீவாரோடு. எனக்குக் கூச்சமென்றபடியால் ஒலிவாங்கியை மூடி வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருந்த பெறாமகளின் காதில் சொல்வேன். அவள் தானும் ஓடிச் சுட்டுக்கொண்டு, எங்களுக்குத் தபாலும் காவினாள்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லு, மருந்தை எனக்குப் பிடிக்கச் சொல்லி. ஆகாயத்துக்குப் பிடிக்கிறா."

"அவருக்குச் சொல்லு, மதிலுக்குப் பின்னாலை போய் நிண்டால் மருந்து எட்டாது. மதில் எண்டால் அவருக்கு உயிர்தானே."

"என்னவாம்?"

"மதிலாலை வெளியிலை வரட்டாம், மாமா!"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமாவும் செத்தார், மருமகளும் செத்தாள். இப்படியே பல தடவை. மருந்து பிடிக்கப் பிடிக்க ஒரு கோடு நிறையும். அது நிறைந்தால் வைத்தியருக்கும் துவக்குக்காரருக்கும் கொஞ்ச நேரம் சூடு படாது. அந்த நேரத்துக்குள் பாய்ந்து போக வேண்டும். நான் சொல்லி, அவள் சொல்லி, அவர் "ஆர் சொன்னது?" என்று கேட்டு முடிய, அந்தக் கொஞ்ச நேரமும் போய்விடும்.

கடைசிச் சுற்று வந்தது. தோற்றால் போட்டியில் இருந்தே வெளியே. பெறாமகள் காது மாட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இனி நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். வாய் இருக்குத்தானே ரெண்டு பேருக்கும்? இதுக்காக நான் எத்தினை நாள் நித்திரை முழிச்சனான்!"

அவளுடைய கண் கலங்கியிருந்தது. மீண்டும் மாட்டிக்கொண்டு, ஒலிவாங்கியை மூடிவிட்டு, விளையாடத் தொடங்கினாள்.

நான் அண்ணைக்குப் பின்னால் மருந்து பிடித்தபடி போனேன். கோடு நிறைந்தது. அவர் வழமைபோல ஒரு மதிலுக்குப் பின்னால் பதுங்கினார். முன்னால் அடுத்த தீவார் அத்தனை பேரும் கூடி நிற்கிறார்கள். பக்கத்தில் பெறாமகள் என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் வீம்புக்காவது வாய் திறக்காமல் இருந்திருப்பேன். ஒலிவாங்கியைத் திறந்தேன்.

"அண்ணை, போங்கோ! இப்ப போங்கோ! ஒண்டும் செய்யாது, நான் பின்னாலை நிக்கிறன்!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அண்ணை ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. மதிலை விட்டு வெளியே வந்து சுடத் தொடங்கினார். அடுத்த தீவார் ஒற்றுமையாக விழுந்தார்கள்.

வென்றோம். பெறாமகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். சங்கத்தார் காதுக்குள் கை தட்டினார்கள். எல்லாரும் ஓய்ந்த பிறகு அண்ணையின் குரல் வந்தது.

"முதல் கதைச்சது நீதான். நினைவிருக்கட்டும்."

நினைவிருக்கும். அவர் மறக்க விடவா போகிறார்? தோற்றது தோற்றாயிற்று, இனி என்ன கூச்சம் என்று கேட்டேன்: "ஓம். உங்கட படலைத் திறப்பு ஆரிட்டை இருக்கு? முருங்கைக்காய் புடுங்கவேணும்."

அண்ணை பழையபடி தொடங்கினார்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லு, திறப்பு சந்தியிலை சைக்கிள் கடைக்காரரிட்டை இருக்கெண்டு."

பெறாமகள் வாயே திறக்கவில்லை. எனக்கு நன்றாகவே கேட்டது. அந்தக் காதுக் கோப்பைகளில் அவ்வளவு தெளிவு.