பீங்கான் தரையில் சாணம்

போன வாரம் மருமகள் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். டைல்ஸ் இடுக்கில் ஊற்றித் தேய்த்தால் கறுப்பெல்லாம் போய்ப் பளிச்சென்று ஆகிவிடுமாம். பழைய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்தில் மண்டி போட்டு, ஒவ்வொரு கோடாகத் தேய்த்தாள். எலுமிச்சை வாசனை என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. எனக்கென்னவோ ஆஸ்பத்திரி வாசனைதான் அடித்தது. "நல்லா அலசி உடு கண்ணு, வழவழப்பு நிக்கப் போவுது" என்றேன். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை, நாலைந்து தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ஏனுங்கத்தை, நா என்ன சின்னப் புள்ளையா?" என்று சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. தொணதொணப்பு என்று பேர் வாங்கியே என் பாதி ஆயுசு போய்விட்டது.

தரை இடுக்கு என்றால் எனக்கு அரப்பு வாசனைதான் நினைவுக்கு வரும். உங்களுக்கு அரப்புத் தெரியுமோ என்னவோ. உசிலை இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். எண்ணெய் தேய்த்த தலைக்கு எங்கள் பக்கம் அதுதான் சோப்பு. கரைத்தால் கொழகொழவென்று வரும். கண்ணில் பட்டால் உயிர் போகும். ஆனால் அழுக்கை எடுப்பதில் அதை அடிக்க ஆளில்லை.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்தில். அப்பாவை நாங்கள் அய்யன் என்று கூப்பிடுவோம். கடலைக்காய் வியாபாரம். அக்காவை ஓமலூரில் கட்டிக் கொடுத்திருந்த புதிது. அய்யன் சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் பீங்கான் கல் பதித்த கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான், மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தி வீட்டார் வந்தால் இப்படித் தரையில் கால் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். யுத்தத்துக்கு முந்தி ஜப்பான் கல் மலிவாக வந்துகொண்டிருந்தது. வைக்கோல் திணித்த பெட்டிகள் சங்கரி ரயிலடியில் இறங்கி மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பதித்து முடித்ததும் கூடம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. குனிந்தால் முகம் தெரியும். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவேன், ஆனால் கால் கழுவாமல் உள்ளே விடமாட்டேன். பெரிய சீமாட்டி என்று நினைப்பு.

பாடெல்லாம் அம்மாவுக்கு. அதுவரை சாணம் மெழுகிய தரையைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. "கல்லு வெள்ளையாத்தானுங்க இருக்குது. இந்தச் சந்துதான் என் உசுர வாங்குது" என்று அய்யனிடம் புலம்புவாள். கல்லுக்குக் கல் நடுவே பூசிய சுண்ணாம்பில் எங்கள் ஊர்ச் செம்மண் போய் உட்கார்ந்துகொள்ளும். பித்தளைக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தாள். சுண்ணாம்பே கரைந்து, ஒரு கல் கடகடவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அரப்பைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். சந்து பளிச்சென்று வெளுத்தது. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அக்காவுக்கு ஏழு மாதம் ஆனதும், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஓமலூர் போய், விருந்து போட்டு, பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா விடியும் முன்பே எழுந்து கூடம் முழுக்க அரப்புப் போட்டுத் தேய்த்துக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டாள். கல்லில் அரப்பு நிற்கவில்லை, சந்தில் நின்றுவிட்டது. குளித்துவிட்டு ஈரக் காலோடு அக்கா நடுக்கூடத்துக்கு வந்தாள். விழுந்தாள். இதை வேறெப்படிச் சொல்வது? மறுநாள் பொழுது சாய்வதற்குள் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவே இல்லை.

"ஒடம்பு தேறட்டுமுங்க, வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்று அக்கா புருஷன், எங்கள் மாமா, சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. இனிமேல் பிள்ளை தங்காது என்று யாரோ சொன்னார்களாம். அடுத்த தையில் வேறொருத்தி கழுத்தில் தாலி கட்டிவிட்டார். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீட்டுக் கழிந்த அன்று அம்மா ஒரு கூடை சாணத்தைக் கொண்டுவந்து பீங்கான் தரை முழுக்க மெழுகினாள்.

"என்ன புள்ள இது, சப்பான் கல்லு மேல சாணியப் பூசற?" என்றார் அய்யன்.

"கால் வழுக்காம புடிக்கோணுமுங்க" என்றாள் அம்மா.

வழவழப்பான கல்லில் சாணம் எங்கே நிற்கிறது? மத்தியானத்துக்குள் காய்ந்து செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். அம்மா மறுநாள் மறுபடி மெழுகுவாள். ஊரே சிரித்தது. ஆனால் யாருக்காக மெழுகினாளோ அவள் நடுக்கூடத்தில் கால் வைக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாகவே போவாள். "நடுவுல வா சாமி. சொரசொரன்னுதான் இருக்குது, பாரு" என்று அம்மா தன் காலைத் தேய்த்துக் காட்டுவாள். "இருக்கட்டும்மா" என்பாள் அக்கா. ஒரு நாள் அம்மா தாங்க மாட்டாமல், "என்னையத் திட்டவாச்சும் திட்டீரு" என்று கேட்டேவிட்டாள். "உன்னைய எதுக்கும்மா திட்டோணும்?" என்று சொல்லிவிட்டு அக்கா சுவரோரமாகச் சமையற்கட்டுக்குப் போனாள். திட்டியிருந்தால் அம்மாவுக்கு ஆறியிருக்கும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. மகள் ஒரே ஒரு தடவை பயமில்லாமல் நடுவில் நடந்தால் போதும். அதற்காகத்தான் அத்தனை வருஷமும் சாணக் கூடையைத் தூக்கினாள்.

அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் லாரி டயர் கடை. அரப்பைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள், அந்த வாசனை வருவதில்லை. அய்யன் போய்விட்டார், அக்காவும் போய்விட்டாள். ஆனால் எல்லோருக்கும் முந்திப் போனவள் அம்மா. சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பல நாளாக மெழுக ஆளில்லாமல் சாணமெல்லாம் உதிர்ந்து, கூடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்த அக்கா நிலைப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பிடிக்கக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பாமல், அந்த ஈரக் கல்லின் மேல் நேராக நடந்து அம்மாவிடம் போனாள். அதைப் பார்க்கத்தான் அம்மா இல்லை.