ஆறு மில்லிமீட்டர்

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா. டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருடமாகக் கிருமி வளர்க்கிறவள். நோயாளியின் சீழிலோ ரத்தத்திலோ வளர்ந்த கிருமியைத் தட்டில் தடவி, மருந்து தோய்த்த பொட்டளவு காகித வில்லைகளை மேலே வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெளிந்திருக்கும். அதை ஸ்கேலால் அளப்பாள். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து கேட்கும்.

வேலையில் அப்படி ஒரு கறார். கைப்பையிலோ எப்போதும் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரை. அவள் தம்பி கார் மெக்கானிக். முதுகிலும் தொடையிலும் அடிக்கடி கட்டி கிளம்பும்.

"டாக்டர்கிட்ட போனா அரை நாள் வேலை கெட்டுடும்க்கா."

"இந்தா, மூணு நாள் போடு. வத்திடும்."

வற்றவும் செய்தது. ஆறு வருடத்தில் எத்தனை முறை கொடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஊரார் கிருமியை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தவள், தம்பி விஷயத்தில் குத்துமதிப்பாக நடந்துகொண்டாள். நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் பாசத்தில் செய்தவளை எப்படித் திட்டுவது?

இந்த முறை கட்டியோடு குளிர்காய்ச்சலும் வந்தது. மூன்று நாள் அக்கா கொடுத்த மாத்திரையிலேயே ஓட்டினான். நான்காம் நாள் மூச்சு வாங்கவும், அவன் மனைவி அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவன் ரத்தம் அக்காவின் மேசைக்கே வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கொடுத்துவந்த பென்சிலின் வகை மாத்திரைக்கான வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி விளிம்புவரை அப்பிக் கிடந்தது. வில்லையின் அகலம் ஆறு மில்லிமீட்டர். ஸ்கேலும் அதையே காட்டியது. மூன்று முறை அளந்தாள்.

பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் சுவர் கட்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகின்றன. மெக்-ஏ என்ற மரபணு உள்ள கிருமியோ, அந்தப் பிடியில் சிக்காத வேறொரு புரதத்தால் சுவரைக் கட்டிக்கொள்கிறது. மாத்திரை அந்த மரபணுவை உண்டாக்குவதில்லை. மற்றக் கிருமிகளைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அவள் மாத்திரைதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அதுதான் அவளை அரித்தது.

முடிவைச் சொன்னதும் மருந்தை மாற்றினார்கள். "நுரையீரல்வரைக்கும் பரவிடுச்சும்மா. முதல் நாளே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கட்டிலருகே போனாள். வாயெடுப்பதற்குள் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இவங்க மருந்து எதுவும் கேக்கல. உன் பையில இருக்கும்ல, அதைக் குடுக்கா. எனக்கு அதுதான் கேக்கும்."

பைக்குள் நாலு மாத்திரைகள் இருந்தன. அவள் பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"தரேன்டா. மொதல்ல கொஞ்சம் தூங்கு."

சரியென்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை அவன் அவளைத்தான் நம்பியிருந்தான்.