ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபத்தைந்து. பழவேற்காடு பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் பைக்கைத் திருப்பியதும் நான் முதலில் பார்த்தது என்னுடைய ஹெல்மெட்டைத்தான். கவிழ்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் படகின் முதுகில் அது மல்லாந்து கிடந்தது. ஆரஞ்சு நிறம். இடது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பக்கத்தில் அதன் உள்துணியையும் கன்னப் பஞ்சுகளையும் கழற்றித் துவைத்துக் காயவைத்திருந்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் ஈயக் குண்டுகள் கோத்த ஒரு வலைத்துண்டு.

என்னுடைய ஹெல்மெட் என்று சொல்வது தவறு. நாலு மாதத்துக்கு முன்பே அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று நான் போனது அதைத் திரும்பக் கேட்பதற்காக.

நான் ஒரு நாளிதழின் இணைப்பிதழில் பிறர் எழுத்தைத் திருத்தும் வேலை செய்கிறேன். வயது நாற்பத்தாறு. விடுமுறை நாட்களில் சாலையை விட்டு விலகி, மணலிலும் சவுக்குத் தோப்புகளிலும் பைக் ஓட்டுவது என் பழக்கம். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்ட வழிகளில் ஓட்டுவதற்கு எந்த ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பது என்று எங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளக்க வேண்டும். கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வெயிலையும் கிளைகளையும் தடுக்க முன்னால் நீண்ட விளிம்பு வேண்டும், மூச்சு வாங்கும்போது காற்று வர மோவாய்ப் பகுதி துருத்திக்கொண்டிருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரி: "ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்." வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்கி நசுங்குகிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. அடுத்த அடியை மண்டைதான் வாங்கும்.

கட்டுரை வந்த அடுத்த ஆவணியில் அந்த ஆரஞ்சு ஹெல்மெட்டோடு நான் விழுந்தேன். குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் சவுக்குத் தோப்பில், காய்ந்த மணலில் முன்சக்கரம் புதைந்தது. இடது பக்கமாகப் போய், வெட்டிவிட்ட ஒரு சவுக்கின் அடிக்கட்டையில் தலை மோதியது. சத்தம் காதுக்கு உள்ளேயே கேட்டது.

எதிரே ஒரு கணவனும் மனைவியும் பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் ஐஸ் பெட்டி கட்டியிருந்தது. இருவர் தலையிலும் ஒன்றும் இல்லை. அவர் என் மேல் கிடந்த பைக்கைத் தூக்கி நிறுத்தினார். அந்த அம்மாள் என் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும், "யம்மா, பொம்பளயா நீ!" என்றார்.

"இன்னாக்கா இது? மீன் பொட்டி இருக்கிறதால இந்த மணல்ல நாங்க தலயெழுத்தேனு வரோம். நீ இன்னாத்துக்கு வர?" என்று கணவர் கேட்டார்.

வீட்டுக்குக் கூட்டிப்போய் முழங்கை காயத்தைக் கழுவி, டீ கொடுத்து, வண்டியின் கிளட்ச் கம்பியைச் சரிசெய்து அனுப்பினார்கள். பேச்சில் தெரிந்துகொண்டது இவ்வளவு: கடலுக்குப் போகிற நாட்களில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து மீனை ஏலத்துக்குக் கொண்டுபோவார். கடல் இல்லாத நாட்களில் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் கூலி வேலை. அந்தச் சாலை முழுக்க லாரிகள். எனக்கு விளையாட்டாக இருந்தது அவருக்குத் தினமும் வேலைக்குப் போகும் வழி.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, புது ஹெல்மெட் வாங்கியது. பழையதைக் கழுவித் துடைத்து, நன்றிக்கடனாக, புரட்டாசியில் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்துணியைக் கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுக்க முடியாமல் போயிருக்கும். அதனால்தான் பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் அந்தக் கீறலை விரலால் தடவி, அக்கம்பக்கத்தாரிடம் காட்டினார். "அக்கா அன்னிக்கு உய்ந்திச்சே, அப்ப போட்டுக்கினு இருந்தது. அவ்ளோ அடி வாங்கியும் ஒண்ணும் ஆவல பாரேன். செம கெட்டி." நான் பக்கத்தில்தான் நின்றேன். சிரித்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

தையில் ஒரு வியாழக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு வாசகர் போன் செய்தார். கட்டுரையைப் படித்தாராம். அவருடைய ஹெல்மெட் ஒருமுறை அடிபட்டதாம், அதைத் தம்பிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். "கூடவே கூடாது. உங்களுக்கு ஆகாதது தம்பிக்கு மட்டும் எப்படி ஆகும்?" என்றேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினேன்.

படகின் அருகே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். துணி இல்லாததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. கறுப்புத் தெர்மாகோலில், இடது காதுக்கு மேலே, உள்ளங்கை அளவுக்கு மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. தட்டினால் கல் மாதிரி சத்தம் வந்தது. பெட்ரோல் வாடை அடித்தது.

வாடைக் காற்று பலமாக இருந்ததால் அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. அவர் வீட்டு வாசலில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்ததும் எழுந்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாக்கா, இவ்ளோ காலீல?" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் தானே தொடங்கினார். "கோச்சிக்காதக்கா. நீ ஆசயா குடுத்தத பாயாக்கிட்டோம்."

விஷயம் இதுதான். முந்திய வாரம் அவர் மனைவி உள்துணியைத் துவைக்கக் கழற்றியபோது, தெர்மாகோல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அமுங்கி, அதிலிருந்து ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதற்கு முந்திய நாள் மீன் ஏலக்கடையில் அந்த அம்மாள் நிறைந்த ஐஸ் பெட்டியை ஹெல்மெட் மேல் வைத்ததைக் கணவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் அமுங்கியது என்று முடிவு செய்து சத்தம் போட்டிருக்கிறார். பிறகு அவரே பழுது பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஐஸ் பெட்டி விரிசல் விட்டால் தெர்மாகோல் துண்டுகளைப் பெட்ரோலில் கரைத்துப் பசையாக்கி ஊற்றி அடைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. ஹெல்மெட்டுக்கும் அதையே செய்திருக்கிறார். பெட்ரோல் சுற்றியிருந்ததையும் தின்றுவிட்டது. நாணயம் அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. அதன்மேல் இன்னும் ஊற்றி, நன்றாக இறுகும்வரை துணியை மாட்டாமல் வெளியிலேயே விட்டிருக்கிறார்.

"இப்ப முன்ன விட கெட்டிக்கா. தட்டிப் பாரு," என்றார்.

தலை படவேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போவதாக இருந்தார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். "நல்லா கேளுக்கா. மேல ஓடு ஒடயல, உள்ள மட்டும் எப்டிய்யா அமுங்கும்னு அன்னிக்கே கேட்டேன். வாய மூடுனு சொல்லிடிச்சி. ரெண்டு நாளு அது மூஞ்சிய நான் பாக்கல, என் மூஞ்சிய அது பாக்கல."

"நீதான வெச்ச பொட்டிய?"

"வெச்சேன். உன் தல மேலயா வெச்சேன்?"

இந்தச் சண்டையை என்னால் ஒரே வாக்கியத்தில் முடித்துவைக்க முடியும் என்று தெரிந்தும், வாய் உடனே திறக்கவில்லை. என் தொழிலில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். சின்ன எழுத்தில், உள்பக்கத்தில், யார் செய்தது என்று சொல்லாமல். இங்கே அப்படி ஓர் இடம் இல்லை.

"அவங்க வெச்சதால அமுங்கல. நான் விழுந்தப்பவே அமுங்கியிருக்கும். அப்படித்தான் உங்ககிட்ட கொடுத்தேன்," என்றேன்.

அவர் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேவா குடுத்த?"

"உள்ள திறந்து பாக்கல. ஆனா ஒரு தடவ அடிபட்டா அது ஆகாதுன்னு தெரியும். அதனாலதான் நான் புதுசு வாங்கினேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் வந்தது என்பதால் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படகின் பக்கம் பார்த்தபடி, சாதாரணக் குரலில் சொன்னார்: "எங்க நைனா காலத்துலேர்ந்து, பழய ஐஸ் பொட்டிய கைமாத்தி உட்டா, வாங்குறவன் எதிர்க்க ஒரு கொடம் தண்ணி ஊத்திக் காட்டிட்டுதாங்கா குடுப்போம். ஒழுவுனா ஒழுவுதுன்னு சொல்லித்தான் குடுப்போம். அதுல இருக்கிறது வெறும் மீனுக்கா."

நான் தலையாட்டினேன்.

"அடுத்தவாட்டி உய்ந்திருந்தா?" என்று அந்த அம்மாள் கேட்டார். என்னைப் பார்த்து இல்லை. கணவரின் தலையைப் பார்த்து.

கணவர் வலை அறுக்கும் கத்தியை எடுத்து, ஹெல்மெட்டின் வாரை இரண்டு பக்கமும் அறுத்தார். இனி யாரும் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த அம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படகுல தண்ணி எறைக்கக்கூட ஒதவாது. பூரா ஓட்ட," என்றார். அது சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதுதான். கணவர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

நான் போட்டு வந்த புது ஹெல்மெட்டை அவருக்குக் கொடுக்க முயன்றேன். போட்டுப் பார்த்தார். பழையதின் பஞ்சு என் தலையில் தளர்ந்திருந்ததால் அவருக்கு ஏறியது; இது உச்சியிலேயே நின்றுவிட்டது. கடையில் வாங்கித் தருகிறேன், அளவு மட்டும் வேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். மூன்று முறை சொன்னார். அந்த அம்மாள்தான், "நீ சும்மா இரு, தல உன்துனாலும் தாலி என்துதான்," என்று சொல்லி, வலை பின்னும் நைலான் நூலை எடுத்து வந்தார். கணவரின் புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டுச் சுற்றச் சொன்னேன். சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு அறுத்தார். அந்த முடிச்சு நழுவாது என்று எனக்குச் சொல்லவேண்டிய தேவை இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

மீதி நூலை அவர் கண்டில் சுற்றும்போது, "உங்களுக்கும் எடுங்க," என்றேன். நாலு மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தபோது, அந்த பைக்கில் இரண்டு பேர் போகிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் ஒரு நொடி யோசித்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டு, தன் தலையில் தானே நூலைச் சுற்றிக்கொண்டார்.

அந்த இரண்டு நூல் வளையங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அறுத்த ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது அலுவலகத்தில் என் மேஜைக்குக் கீழே இருக்கிறது. பிறர் எழுத்தில் விடுபட்ட ஒரு சொல்லை என் கண் தவறவிடாது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் சொல்லாமல் விட்டது நாலு மாதம் ஒருவர் தலையில் இருந்தது. இன்றும் யாருக்காவது பழைய பொருள் எதையாவது கொடுக்கக் கை நீளும்போது, அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துப் புது ஹெல்மெட்டுகளோடு போனேன். இரண்டும் சரியான அளவு. அவர் என்னை உட்காரச் சொன்னார், டீ வந்தது. பிறகு இரண்டின் உள்துணியையும் என் முன்னாலேயே கழற்றி, தெர்மாகோல் முழுவதையும் கட்டைவிரலால் ஓர் இடம் விடாமல் அழுத்திப் பார்த்துவிட்டு, முதலில் மனைவியிடம் ஒன்றைக் கொடுத்தார்.