சாந்தி நெஞ்சில் ஓடிய ரோலர் மெஷின்

1. சீக்கே இல்லாத வீடு

தர்ம கிளினிக் ஒன்றில் நர்ஸாக, தோட்டத்துப் பேச்சில் "மிஸ்ஸி"யாகச் சேர்ந்து, எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்த பிள்ளைகள் இல்லத்துக்கு முதல் நாள் போனேன். போன இடத்தில் ஒரு நோயாளிகூட இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையில் சண்டைக் காலம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், அம்மா வெளிநாட்டுக்கும் அப்பா சாராயத்துக்கும் போய்விட்ட பிள்ளைகள் என்று அந்தப் பழைய பங்களா நிறைய இருந்தார்கள். எல்லாரும் முகத்தில் பவுடர், நெற்றியில் பொட்டு, வழித்துச் சீவிய எண்ணெய்த் தலையோடு வரிசையில் நின்றார்கள். கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

மேட்ரன் பாக்கியம் அக்கா கை தட்டினார். "டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்?"

"சுகமா இருக்கோம் டாக்டர்!"

டாக்டர் ஜயந்த சிங்களவர். தோட்டத்து ஆட்களிடம் தமிழ் பழகியவர் என்பதால் எல்லாரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். குரைக்கிற நாயிடம்கூட "அங்கிட்டு போங்க" என்பார். ஒவ்வொரு பிள்ளையாக "நாக்க காட்டுங்க" என்று பார்த்தார். ஒரு சளி இல்லை, சொறி இல்லை. "மிஸ்ஸி, இந்த வீட்டுத் தண்ணி நாமளும் குடிக்கணும்ங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த தோட்டத்துக்கு ஜீப்பில் கிளம்பிப் போய்விட்டார்.

நான் மருந்துப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கை கழுவ அடுப்படிக்கு, எங்கள் பேச்சில் குசினிக்குப் போனேன். பக்கத்தில் விறகு போடுகிற அறை, விறகுக் காம்பராவுக்குள் இருமல் சத்தம்.

"அது பூனைங்க மிஸ்ஸி" என்றார் பாக்கியம் அக்கா.

சரி, பூனைக்கும் இருமல் வரும். ஆனால் அடுத்த நிமிஷம் அந்தப் பூனை, "ஏய், என் கால மிதிக்காத!" என்று நல்ல தமிழில் கத்தியது.

கதவைத் திறந்தேன். கூவக்கட்டு வந்து கன்னம் வீங்கினது ஒன்று, கண் நோவு ஒன்று, உடம்பெல்லாம் சொறியோடு இரண்டு. அதுகளுக்கு நடுவில் விறகுக் கட்டு மேல் சாந்தி உட்கார்ந்திருந்தாள். ஏழு வயசு, பார்க்க நாலு வயசு. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மலை ஏறி வந்தது போல மூச்சு இரைத்தது.

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் இது தோட்டத்துப் பழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தைப் பார்க்கத் தோட்டத்துத் தொர வருகிறார் என்றால், சீக்குப் பிள்ளைகளை ஆயாம்மா லயத்து வீடுகளுக்குத் துரத்திவிட்டு, கொழுகொழு பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பார். சொறியோடு அப்படித் துரத்தப்பட்டவள்தான் நானும். பாக்கியம் அக்காவுக்குத் தொர வந்தாலும் டாக்டர் வந்தாலும் ஒன்றுதான்.

"அக்கா, டாக்டர் வர்றதே சீக்குக்காரப் பிள்ளையப் பாக்கத்தானே? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்ததுகள காட்டுறேன் மிஸ்ஸி. சாந்திய மட்டும் சொல்லிராதீங்க. கொழும்புக்குக் கொண்டு போயிருவாங்க. ஆத்தா செத்த அன்னைக்கு, தவழுற பிள்ளையா என் மடியில போட்டாங்க. போன பிள்ளைய யாரு திருப்பித் தருவா?"

நான் சொல்லாமல் இருப்பேனா? அன்று பின்னேரமே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கிழமையே திரும்பப் போவோம் என்றார்.

2. எல்லாருக்கும் சீக்கு

இந்தத் தடவை யாரையும் ஒளிக்கக் கூடாது என்று, "சீக்குப் பிள்ளைகளுக்குக் கிம்புலா பணிஸ் கொண்டு வர்றோம்" எனச் சொல்லி அனுப்பினேன். சீனி தூவின, முதலை வடிவ பன் அது. பெரிய கெட்டிக்காரி நான்!

போய் இறங்கினால் வீடு முழுக்க முனகல். ஒருத்தன் இடது காலை நொண்டிக்கொண்டு வந்தான், பணிஸ் பெட்டியைப் பார்த்ததும் வலது காலை நொண்டினான். ஒருத்தி தலையில் துணி கட்டிக்கொண்டு வயிற்று வலி என்றாள். "எங்க வலிக்குதுங்க?" என்று டாக்டர் கேட்டால், "எங்க வலிச்சா பணிஸ் குடுப்பீங்க?" என்கிறான் இன்னொருத்தன். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை பேரிலும் "சுகமா இருக்கேன் டாக்டர்" என்று சொன்னது ஒரே ஒருத்திதான். சாந்தி. பாக்கியம் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானில் கை வைக்க விடவில்லை. பணிஸும் வேண்டாமாம்.

டாக்டர் அதட்டவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பிள்ளைகளிடமே நீட்டினார். "இன்னைக்கு நீங்கதான் டாக்டருங்க. ஆனா ஒண்ணு, கேக்கிறவங்க மத்தவங்களுக்கும் தன் நெஞ்சக் காட்டணும்."

நொண்டியெல்லாம் ஓட ஆரம்பித்தது. ஒருத்தர் நெஞ்சை ஒருத்தர் கேட்டு ஒரே சிரிப்பு. சாந்தியால் பொறுக்க முடியவில்லை. சேலையை விட்டுவிட்டு வந்து, நொண்டின பயல் நெஞ்சைக் கேட்டாள். பிறகு அவன் முறை. குழாயைக் காதில் மாட்டி அவள் நெஞ்சில் வைத்தவன் கண்ணை உருட்டினான்.

"டேய்! இவ நெஞ்சுல ரோலர் ஓடுதுடா!"

ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷினைத்தான் சொன்னான். அவ்வளவுதான், "நானு, நானு" என்று சாந்திக்கு முன்னால் பெரிய வரிசை. அவளுக்கோ பெருமை தாங்கவில்லை. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் ஓடும்" என்கிறாள்.

திரும்பிப் பார்த்தால் அந்த வரிசையின் கடைசியில் டாக்டர் ஜயந்த கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் முறை வந்ததும் முட்டி போட்டு ரொம்ப நேரம் கேட்டார். சிரிக்கவில்லை.

"மிஸ்ஸி, இதயத்துல ஓட்டை இருக்குங்க. சீக்கிரம் ஒப்பரேஷன் செய்யணும்."

3. கொழும்புப் பயணம்

பாக்கியம் அக்கா போட்ட சத்தத்தில் ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் கத்தியோடு ஓடி வந்துவிட்டார்கள். டாக்டர் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அக்கா, இங்கேயே வச்சிருந்தா பிள்ளை இருக்காதுங்க. நீங்களும் கூட வாங்க. திருப்பி நீங்களே தூக்கிட்டு வாங்க."

"எனக்கு ஐடென்டிட்டி கார்டே இல்லீங்களே."

"நான் முன்னால உக்கார்றேன்ங்க. ஆமிக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

வழியில் செக்பொயின்ட். கார்டு இல்லாத தமிழர்களைப் பிடித்து வைத்துக்கொள்கிற காலம். ஆமிக்காரன் வேனுக்குள் தலையை நீட்டினான். பாக்கியம் அக்காவுக்கு வேர்த்து ஊற்றியது. அவன் வாயைத் திறக்கும் முன்பே, பழக்க தோஷம், "சனீப்பென் இன்னவா மாத்தயா!" என்று சிங்களத்தில் சொன்னார். சுகமாக இருக்கிறோமாம்! அவன் சிரித்துவிட்டு, டாக்டரோடு இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டான். நான் மூச்சு விட்டது களுஅக்கல ஊரைத் தாண்டின பிறகுதான்.

ஒப்பரேஷன் முடியும் வரை அக்கா ஒரு வாய்த் தண்ணி குடிக்கவில்லை. வார்டுக்குக் கொண்டு வந்த பிள்ளைக்குப் பவுடர் பூசப் போய், பெரிய மிஸ்ஸியிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாந்தி திரும்பி வந்த பிறகு நடந்த முதல் கிளினிக்கில் பிள்ளைகள் எங்களைப் பார்க்கவே இல்லை, ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். நொண்டின பயல்தான் முதல் ஆள். கேட்டான், இடம் மாற்றிக் கேட்டான், முகம் சுருங்கிப் போனது.

"ச்சே! இப்ப இவளுக்கும் எங்களுக்கு மாதிரி சும்மாதான் அடிக்குது."

வரிசை கலைந்து போனது. சாந்திக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பாக்கியம் அக்கா, "எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று குழாயை வாங்கிக் காதில் மாட்டினார். கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணி ஊற்றுகிறது, வாய் மட்டும் "சும்மாதான் அடிக்குது, சும்மாதான் அடிக்குது" என்கிறது. அடுத்த பிள்ளையைப் பார்க்க டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டும். அதைக் கேட்காமல், "நாக்க மட்டும் காட்டுங்க" என்று அவர் ஆரம்பித்துவிட்டார்.

இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளினிக்குக்குப் போனால் முன் வாசலில் பவுடர் பூசி நிற்கிற பிள்ளைகளை அப்புறம் பாருங்கள். முதலில் கை கழுவுகிற சாக்கில் குசினிப் பக்கம் போய், விறகுக் காம்பராவைத் திறந்து பாருங்கள். ஒளித்து வைத்தவளைத் திட்ட வேண்டியதுதான், நானும் திட்டினேன். திட்டிவிட்டு அவளையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.