கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளி

உள்ளங்கைகளில் பவுடரைக் கொட்டித் தேய்த்து, ஊதித் தள்ளிவிட்டு, காதருகே ஒருமுறை தட்டிப் பார்க்கிறாள். திருப்தியில்லை. மறுபடி தேய்க்கிறாள். ஆட்டத்துக்கு முன் சூடான டீயை நீட்டினால் வாங்கமாட்டாள். யாருக்கும் கை கொடுக்கமாட்டாள். "கை வேர்த்துட்டா அடி நமுத்துப்போயிடும்" என்பாள்.

ஒன்பது வருடமாக ஓடும் இசை நாடகத்தில் ஐந்து வருடமாக அவள்தான் தங்கை. வயது இருபத்திரண்டு, மேடையில் பதினாலு. வாசல் காவலர்வரை எல்லாருக்கும் 'தங்கச்சி'. அவள் பங்குக்கு பதினோரு வரி வசனம், ஒன்றரைப் பாட்டு, கன்னத்தில் ஓர் அறை.

இடைவேளைக்குச் சற்று முன் அக்காள் கோபத்தில் தங்கையை அறைவாள். அறைகிற கை கன்னத்துக்கு நான்கு விரல் தள்ளித்தான் போகும். சத்தம் வாங்குகிறவளுடையது. பாவாடை மடிப்பின் மறைவில் தன் கைகளையே தட்டிக்கொண்டு சுருண்டு விழுவாள். முன்வரிசையில் சிலர் தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவளுடைய அம்மாவுக்கு இந்த வித்தை தெரியும். இருந்தும் அந்த இடம் வந்தால் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள்.

பழைய அக்காள் கல்யாணமாகிப் போய்விட, போன வாரம் புதியவள் வந்தாள். நேற்று மதிய ஆட்டத்தில் இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று இவள் கையிலிருந்து, இன்னொன்று கன்னத்திலிருந்து. விழுந்து கிடந்தபோது, 'நாம்தான் தப்பாகத் தட்டிவிட்டோமோ' என்றுதான் முதலில் தோன்றியது. அடி விழுந்திருக்கிறது என்று புரிவதற்குள் ஒரு பல்லவி முடிந்திருந்தது.

திரை இறங்கியதும் இயக்குநர் ஓடி வந்தார். கன்னத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்று முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"கவனிச்சியா? ஒருத்தன் இருமல. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அமைதி வந்ததில்ல. இனிமே இதுதான்."

"எது சார்?"

"நிஜ அடி."

புதியவளின் முகம் வெளிறிப்போயிருந்தது. "சார், கை தவறிப் பட்டுருச்சு. வேணும்னு அடிக்கல."

"தவறினதுதான் நல்லா இருந்துச்சு. இனிமே வேணும்னே அடி."

"வாரத்துக்கு ஏழு ஆட்டம் சார்" என்றாள் தங்கை. குரல் பதினாலு வயதிலேயே நின்றிருந்தது.

"கன்னம் ரெண்டு இருக்குல்ல? மாத்தி மாத்திக் காட்டு. முடியலன்னா சொல்லிடும்மா, தங்கச்சிக்கா பஞ்சம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஐந்து வருடமாக அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அடியைவிட அதுதான் அவளை உறைய வைத்தது.

இன்று ஒப்பனைக்கார அம்மா வீக்கத்தின் மேல் பூசிக்கொண்டே கேட்டாள்: "என்னடி பண்ணப்போற?"

"தெரியலம்மா. விழுந்து விழுந்தே பழகிட்டேன்."

அரங்கு நிறைந்த மதியம். அந்த இடம் வந்தது. அக்காள் கையை ஓங்கினாள். கண்கள் மன்னிப்புக் கேட்டன. பாதி வழியிலேயே அந்த மணிக்கட்டைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

அவள் விழுந்தால்தான் டிரம்ஸ் தொடங்கும். மேடைக்குக் கீழே டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கியபடி அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுடி" என்று உதடசையாமல் கெஞ்சினாள் அக்காள்.

தங்கை பிடியை விடாமல், டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.