ஈரத் துண்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே என் சலூன். மாதம் ஒருமுறை வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் வருவார். முதல் தடவை, தாடியைத் திருத்திவிட்டு ஈரத் துண்டை முகத்தில் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. குண்டு கேசுன்னு மூஞ்சில துண்டு போட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க. டிவில நாள் பூரா காட்டுனாங்க. மூடியிருந்தும் ஊரே கண்டுபுடிச்சிருச்சு."

"அப்புறம் என்னாச்சு பாய்?"

"நான் இல்லைன்னு விட்டுட்டாங்க. தொறந்த மூஞ்சியோட நடந்து வந்தேன், ஒரு கேமராவும் வரல. இன்னும் வாடகைக்கு வூடு தரமாட்டேங்கறாங்க."

சலூன் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன்.

"ஓடட்டுங்க. என்னைய விட்ட சேதியும் ஒருநாள் போடுவாங்கல்ல?"

கிண்டலாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் அவர் வந்தால் நானே செய்தியை வைக்கிறேன். கத்தரியை நிறுத்திவிட்டு நானும் பார்க்கிறேன்.