வெள்ளையாகவே இருந்த பஞ்சு

என் மகளுக்குப் பதினோரு வயது நடந்தபோது அவள் பிடரியில் ஒரு கறுப்பு படர்ந்தது. முதலில் மடிப்புக்குள் மட்டும் இருந்தது, மெல்ல மெல்லக் கழுத்தைச் சுற்றி வந்துவிட்டது. கோவில்பட்டியில் காற்றுக்காலம் முழுக்கப் புழுதிதான். கொடியில் காயும் வெள்ளைத் துணிகூடச் சாயங்காலத்துக்குள் நிறம் மாறிவிடும். அந்த அழுக்குதான் என்று நினைத்து, தலைக்கு ஊற்றும் நாளெல்லாம் பாசிப்பயறு மாவு போட்டுத் தேய்த்தேன். பிறகு காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். தோல் சிவந்து அவள் அழுதாள். கறுப்பு அப்படியே இருந்தது.

ஒரு காய்ச்சலுக்காக அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது அவர் கண் பிடரியிலேயே நின்றது. வெட்கத்தில் நானே முந்திக்கொண்டேன். "நல்லாத் தேய்ச்சுதான் குளிப்பாட்டுதேன் டாக்டர்."

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பிடரியை அழுத்தித் துடைத்து என்னிடம் காட்டினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"இது அழுக்கு இல்லம்மா. எடை கூடுன பிள்ளைகளுக்கு சர்க்கரை வாறதுக்கு முன்னால இப்படிக் காட்டும்."

சர்க்கரை என் மாமனாருக்கு இருந்தது. கால் விரலை எடுத்தும் ஆறாமல் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது எப்படி வரும்? டாக்டரம்மா அடுத்துச் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் என்று சொல்லும் அளவுக்குச் சற்றுக் கீழே நின்றது. இனிப்பைக் குறைத்து, தினமும் வேர்க்க விறுவிறுக்க அவளை ஓடவோ குதிக்கவோ விடுங்கள், மூன்று மாதம் கழித்து மாத்திரையைப் பற்றிப் பேசுவோம் என்றார் டாக்டரம்மா. நானோ, பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதே என்று, விளையாட்டு நேரத்தில் அவளை மரத்தடியில் உட்காரவைக்கும்படி டீச்சரிடம் கேட்டு வைத்திருந்தேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கொழுகொழுன்னு இருக்க புள்ளய வத்தலாக்கப் பாக்குதியா? சடங்காகப்போற நேரத்துல குதிச்சா கர்ப்பப்பை என்னத்துக்காகும்?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. படித்தவள்தான், இருந்தாலும் திரும்பப் போய்க் கேட்டு, ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் குதிக்கும் கயிறு வாங்கினேன். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். கீழ்வீட்டுக்காரி மறுநாளே கேட்டுவிட்டாள்: "மாடியில உரலு போட்டு இடிக்கியளாக்கா?" மகள் காதிலும் அது விழுந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவளை அன்றைக்கு எழுப்பவே முடியவில்லை.

பிறகு தெருக்கோடி வரை வேகமாக நடந்தோம். கயிறும் திரும்ப வந்தது. அவள் முகம் சிவந்தால் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பேன். சிரிப்பாள். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து ராத்திரி கொண்டுவரும் கடலைமிட்டாய்ப் பொட்டலமும் நின்றுபோனது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அவளை எடைமெஷினில் ஏற்றினார்கள். முள் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. அவ்வளவு வேர்வையும் வீணா? மாத்திரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். டாக்டரம்மா ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சர்க்கரை எறங்கிட்டும்மா. பிரஷரும் நல்லாருக்கு. மாத்திரை வேண்டாம்."

எடை குறையவில்லையே என்றேன். எடை மெதுவாகத்தான் இறங்கும், அதற்கு முன்பே உடம்பு உள்ளே சீராகத் தொடங்கிவிடும் என்றார். நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும் என்றும் சொன்னார். நான் நம்பாமல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பெயர் அவளுடையதுதானா என்று.

வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

"எம்மா, வேண்டாம். நடந்தே போயிருவோம்" என்று அவள் கிளம்பிவிட்டாள். ரயில்வே கேட் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுதூரம் போயிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு என்னை நோக்கி ஓடிவந்தாள். ஓடியேதான் வந்தாள். வந்து, என் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள்.